லாஸ் ஏஞ்சலஸ் பூச்சந்தையில் ஒரு காலை... ஐந்து தோழிகளுக்கு வீட்டிலேயே தயாரான பூச்செண்டு!

லாஸ் ஏஞ்சலஸ் என்றதும் மலைமேல் நிற்கும் ஹாலிவுட் எழுத்துகளும் கடற்கரையும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். சுற்றுலாப் பயணிகள் அவ்வளவாக எட்டிப் பார்க்காத ஒரு தெரு அந்த நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அதன் பெயர் வால் தெரு. நியூயார்க்கில் இதே பெயருள்ள தெருவில் பங்குகள் கைமாறும். இங்கே கைமாறுவது பூக்கள்!

அமெரிக்காவின் மிகப் பெரிய மொத்தப் பூ வியாபாரப் பகுதிகளில் இது ஒன்று. நள்ளிரவு தாண்டியதுமே லாரிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். அதிகாலையில் பூக்கடைக்காரர்களும் கல்யாண அலங்காரம் செய்பவர்களும் வாங்கிப் போவார்கள். பொழுது விடிந்த பிறகு, சிறு நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு நம்மைப் போன்றவர்களும் உள்ளே போகலாம்.

உள்ளே நுழைந்தால் முதலில் குளிர் தாக்குகிறது, அடுத்து வாசம். வரிசை வரிசையாக வாளிகளில் ரோஜா, கார்னேஷன், லில்லி, ஹைட்ரேஞ்சா. ஏதோ ஒரு கடையிலிருந்து ஸ்பானிஷ் பாட்டு. பேரம் பேசுவதும் பாதி ஸ்பானிஷில்தான். நம் ஊர்ச் சந்தையில் உதிரிப் பூவை எடை போட்டுத் தருவார்கள். இங்கே எல்லாமே காம்போடு, கட்டுக் கட்டாக, பழுப்புத் தாளில் சுருட்டி. வெளியே வந்தால் ரிப்பன் கடை, கூடைக் கடை, ஜாடிக் கடை. இன்னும் சில தெருக்கள் தள்ளி நடந்தால் வீடில்லாதவர்களின் கூடாரங்கள். சினிமாவில் காட்டாத லாஸ் ஏஞ்சலஸ் இது.

ஒரு வாளியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். சம்பங்கி! நம் கோயில் மாலைகளில் ரோஜாவுக்குப் பக்கத்தில் இருக்குமே, அதே வெள்ளைச் சம்பங்கி. அதன் பூர்விகம் மெக்சிகோ. நாம் துலுக்கச் சாமந்தி என்று சொல்லும் பூவுக்கும் அதுதான் பிறந்த வீடு. நவம்பர் தொடக்கத்தில் மெக்சிகோ மக்கள் இறந்தவர்களை நினைவுகூரும் நாள் வரும்போது, இந்தச் சந்தை முழுக்க அந்தச் சாமந்தி குவிந்து கிடக்குமாம். நான் போனது மே மாதம். மே மாதம் என்றால் இங்கே வேறொரு சீசன்: ப்ரோம் சீசன்.

அது என்ன ப்ரோம்?

அமெரிக்கப் பள்ளிகளில் கடைசி வகுப்புகளில் படிப்பவர்களுக்காக, வருடம் முடியும் நேரத்தில் நடக்கும் நடன விருந்துதான் ப்ரோம். 'ப்ராமனேட்' என்ற சொல்லின் சுருக்கம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிக் கல்லூரிகளில் தொடங்கி, பிறகு பள்ளிகளுக்கும் பரவியது.

இதில் பூவுக்கென்று ஒரு சடங்கு உண்டு. அழைத்துப் போகும் பையன், பெண்ணின் மணிக்கட்டில் கட்ட ஒரு சின்னப் பூக்கொத்து கொண்டு வருவான். அதன் பெயர் கொர்சாஜ். பெண் அவனுடைய கோட்டின் இடப்பக்கக் காலரில் ஒற்றைப் பூவைக் குத்திவிடுவாள். அது பூட்டோனியர். இரண்டுமே பிரெஞ்சுச் சொற்கள். கொர்சாஜ் என்றால் உடையின் மேற்பகுதி. பூட்டோனியர் என்றால் பொத்தான் துளை. முன்பெல்லாம் கொர்சாஜையும் மார்புப் பக்கம் உடையில்தான் குத்துவார்கள். மெல்லிய துணியிலும் தோள்பட்டை இல்லாத கவுன்களிலும் குத்த இடமில்லாமல் போனபோது, பூ மணிக்கட்டுக்கு இறங்கியது. இவை தவிர, போட்டோவுக்காகக் கையில் பிடித்துக்கொள்ளும் சின்னப் பூச்செண்டும் இப்போது சேர்ந்துவிட்டது.

அக்கா வீடு லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்கிழக்கே, அர்ட்டீசியா பக்கம். இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் பயனியர் பொலிவார்டு அங்கேதான் இருக்கிறது. அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஆகஸ்ட் மாதம் வேறு ஊர்க் கல்லூரிக்குப் போகிறாள். நான் விடுமுறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டில் ப்ரோம் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

"யாரோ ஒரு பையன் வந்து இவ கையில பூ கட்டிவிடுவான். நான் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கணுமா?" இது அக்கா.

"பையனே இல்லம்மா. நாங்க அஞ்சு பேரும் சேர்ந்து போறோம். எல்லாரும் பொண்ணுங்க!" இது அவள்.

"அப்ப பூ யாரு கட்டுவா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. ஐந்து தோழிகளும் சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தார்கள். யார் பெயர் வருகிறதோ, அவளுக்கு இவள் தன் கையாலேயே ஒரு மணிக்கட்டுப் பூவும் ஒரு சின்னச் செண்டும் செய்ய வேண்டும். கடையில் வாங்கக் கூடாது.

ஏன் இந்த நிபந்தனை என்று காரில் போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். "சித்தி, எங்கள்ல ஒருத்தி வரலைன்னு சொல்லிட்டா. டிக்கெட்டே நூறு டாலருக்கு மேல. டிரஸ், பூ, சாப்பாடுன்னு சேர்த்தா அவளால முடியாது. டிரஸ் இன்னொரு ஃப்ரெண்டோட அக்காது கிடைச்சிருச்சு. பூ மட்டும் நாலு பேரு கையில கடைப் பூவும், அவ கையில ஒண்ணும் இல்லாமலும் இருந்தா நல்லாவா இருக்கும்? அதான் எல்லாருமே வீட்ல செய்யலாம்னு முடிவு பண்ணோம்."

கடையில் ஒரு மணிக்கட்டுப் பூ மட்டுமே 40, 50 டாலர் கேட்கிறார்கள். நாங்கள் சந்தையில் வாங்கியதன் கணக்கு இது: கொத்து ரோஜா இரண்டு கட்டு 24 டாலர். நீளக் காம்பு ரோஜா 25 கொண்ட ஒரு கட்டு 20 டாலர். வாக்ஸ் ஃப்ளவர் என்ற பொடிப் பூ 8 டாலர். யூகலிப்டஸ் இலை 6 டாலர். ரிப்பன், மெல்லிய கம்பி, டேப், கைப்பட்டை எல்லாம் சேர்த்து 15 டாலர். மொத்தம் 73 டாலர். ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 15 டாலருக்கும் குறைவு. பூவும் செண்டும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு!

ரோஜா வந்த தூரம்

கட்டு ரோஜாவைச் சுற்றியிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஈக்வடார் என்று போட்டிருந்தது. அமெரிக்காவில் விற்கும் வெட்டுப் பூக்களில் பெரும்பகுதி இறக்குமதிதான். கொலம்பியா முதலிடம், அடுத்தது ஈக்வடார். பெரும்பாலும் மயாமி விமான நிலையம் வழியாகத்தான் நாட்டுக்குள் வருகின்றன. 1991-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. போதைப்பொருளுக்கான கோக்கா பயிரை விட்டு விவசாயிகள் வேறு தொழிலுக்கு மாறட்டும் என்று, கொலம்பியா உட்பட ஆண்டிஸ் மலை நாடுகளின் பல பொருட்களுக்கு இறக்குமதி வரியை நீக்கியது. பூவும் அதில் ஒன்று. விலை குறைந்த பூ வந்து குவிந்தது. ரோஜாவும் கார்னேஷனும் வளர்த்துக்கொண்டிருந்த கலிஃபோர்னியா விவசாயிகள் பலர் தொழிலையே விட்டார்கள்.

அந்த விவசாயிகளின் கதைதான் இந்தத் தெருவின் கதையும். 1912-ல் இங்கே பூச்சந்தை தொடங்கியவர்கள் ஜப்பானிலிருந்து குடியேறிய பூ விவசாயிகள். 1920-களில் அவர்களின் சந்தை வால் தெருவுக்கு வந்தது. ஐரோப்பிய வம்சாவளி விவசாயிகள் 1921-ல் தொடங்கிய இன்னொரு சந்தையும் இதே தெருவில் வளர்ந்தது. எதிரும் புதிருமாக இரண்டு சந்தைகள். தெரு முழுக்கப் பூ வாசம்.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீட்டையும் நிலத்தையும் விட்டு, முள்வேலி போட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள். பூந்தோட்டம் வைத்திருந்தவர்கள் பூத்த செடிகளை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது.

முகாமுக்குள்ளும் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பள்ளிக்கூடம் நடந்தது. நடன நிகழ்ச்சிகளும் நடந்தன. ஆனால், புதுப் பூவுக்கு எங்கே போவது? இறுதிச் சடங்கு மலர்வளையங்களைக் காகிதப் பூவால் செய்தார்கள். கலிஃபோர்னியாவின் டூலி லேக், யூட்டாவின் டோபாஸ் ஆகிய இரண்டு முகாம்களும் வற்றிப்போன பழைய ஏரிப் படுகைகளில் இருந்தன. மண்ணைத் தோண்டினால் குட்டிக் குட்டிச் சிப்பிகள் கிடைத்தன. அவற்றைச் சலித்து, கழுவி, நிறம் தீட்டி, ஒவ்வொன்றையும் ஓர் இதழாக ஒட்டிப் பூக்கொத்துகள் செய்தார்கள். உடையில் குத்திக்கொள்ளும் ப்ரூச்சுகள், கொர்சாஜ்கள். அவற்றில் பல இன்றும் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நிஜப் பூவாக இருந்திருந்தால் மறுநாளே வாடியிருக்கும்!

போர் முடிந்து திரும்பி வந்தவர்களில் சிலர் மறுபடியும் இதே சந்தையில் பூ விற்றார்கள். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டுச் சட்டம் போட்டது 1988-ல்தான். முகாமில் இருந்தவர்களில் அப்போது உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது.

இதையெல்லாம் ஒரு காபிக் கடை வாசலில் நின்று அக்கா மகளுக்குச் சொன்னேன். பள்ளியில் முகாம்களைப் பற்றிப் படித்திருக்கிறாள். சிப்பிப் பூ அவளுக்குப் புதுச் செய்தி. "ஸ்கூல் டான்ஸுக்குப் போட்டிருப்பாங்களா சித்தி?" என்று கேட்டாள். தன்னிடமிருந்த பழுப்புத் தாள் கட்டை அதன் பிறகு கொஞ்சம் கவனமாகப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேஜை பூக்கடை ஆனது

சந்தையிலிருந்து வந்ததும் முதல் வேலை, பூவுக்குத் தண்ணீர் காட்டுவது. காம்பின் அடியைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, வாளியில் சில மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். தண்ணீர் குடித்து நிமிர்ந்த பூதான் இரவு முழுக்கத் தாங்கும். ரோஜாவின் வெளிப்பக்கம் அடிபட்டுத் தடித்துப்போன இதழ்கள் இருக்கும். அவற்றை மெதுவாகக் கழற்றினால் உள்ளே புதுப்பூ!

ப்ரோமுக்கு முதல் நாள் மாலை ஐந்து பேரும் வந்தார்கள். அக்கா மேஜைமேல் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மணிக்கட்டுப் பூ செய்வது இப்படித்தான். கொத்து ரோஜாவைக் காம்பு ஓர் அங்குலம் இருக்கும்படி நறுக்க வேண்டும். பூவுக்கு அடியில் பச்சையாகத் தடித்திருக்கும் பகுதியில் மெல்லிய கம்பியைக் குறுக்கே செருகி, இரண்டு முனைகளையும் கீழே மடக்க வேண்டும். அதன்மேல் பச்சை நிற ஃப்ளோரல் டேப்பைச் சுற்ற வேண்டும். இந்த டேப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. சும்மா சுற்றினால் ஒட்டாது. இழுத்து இழுத்துச் சுற்றினால்தான் அதிலுள்ள மெழுகு வெளிப்பட்டுப் பிடிக்கும். இப்படி நான்கைந்து பூ, இடையிடையே பொடிப் பூ, இரண்டு இலை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, ரிப்பன் முடிந்து, கைப்பட்டையில் பொருத்தினால் தயார்.

செண்டுக்குக் கம்பியே வேண்டாம். ஒரு ரோஜாவை இடது கையில் பிடித்து, அடுத்த காம்பை அதன்மேல் சாய்வாக வைக்க வேண்டும். செண்டைச் சற்றுத் திருப்பி, அடுத்ததையும் அதே சாய்வில் வைக்க வேண்டும். வைக்க வைக்கக் காம்புகள் கீழே முறுக்கு மாதிரி சுழன்று நிற்கும், மேலே பூக்கள் குடைபோல விரியும். எல்லாக் காம்பும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது முக்கியம். ஒன்று மாறினாலும் செண்டு கோணும். கடைசியில் இறுக்கிக் கட்டி, காம்புகளை ஒரே அளவாக வெட்டி, ரிப்பன் சுற்ற வேண்டும்.

சொல்வதற்கு எளிது. ஒரு மணி நேரம் ஆகியும் மேஜையில் இரண்டு செண்டுதான் முடிந்திருந்தது. பொடிப் பூவைக் கம்பியில் கட்டும்போது பாதி உதிர்ந்து போனது. டிக்கெட்டுக்கே திணறிய அந்தப் பெண், உதிர்ந்த பூக்களை வீணாக்க மனமில்லாமல் ஒரு கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா, அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். உள்ளே போய்த் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் எடுத்து வந்தாள். நூலைத் தண்ணீரில் நனைத்து, காம்போடு இருந்த பொடிப் பூக்களில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து, விரலில் ஒரு சுற்று, ஒரு முடிச்சு, ஓர் இழுப்பு. அடுத்த நான்கு பூ. மறுபடி ஒரு முடிச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாண் சரம் நீண்டது. மல்லிகைக்குப் பழகிய விரல்கள், பெயர் தெரியாத பூவையும் விட்டுவைக்கவில்லை!

மேஜையில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இதை எப்பம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டாள் மகள்.

"பத்து வயசுல. ஸ்கூல் ஆண்டு விழா டான்ஸுக்குப் பன்னெண்டு பேரு தலைக்கும் பூ வேணும். எங்க அம்மா சந்தையில உதிரி வாங்கிட்டு வந்து ராத்திரி உக்காந்து தொடுத்தாங்க. தூக்கம் வராம நானும் பக்கத்துல உக்காந்தேன்."

எங்கள் ஊர் நிலக்கோட்டை பக்கம். பூ மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர். அக்கா மேடையில் ஆடியது எனக்கே அன்றுதான் தெரியும். அவள் ஆடும்போது நான் கைக்குழந்தை.

அதற்குப் பிறகு அக்கா அடுப்படிக்குப் போகவில்லை. ஐந்து கைப்பட்டைகளிலும் ரோஜாவைச் சுற்றி அந்தப் பொடிப் பூச் சரம் ஏறியது. அத்தான் வந்து எல்லோருக்கும் தோசை ஊற்றினார். இரவு ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்தது. பூக்களின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரத் தாள் விரித்த டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜுக்குள் அனுப்பினோம். அதற்கு முன் உள்ளே இருந்த ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் வெளியே எடுத்துவிட்டோம். பழங்களிலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். அது பட்டால் பூ சீக்கிரம் வாடிவிடும்.

கட்டிவிட இன்னொரு கை

மறுநாள் மாலை எங்கள் வீட்டு வாசலில்தான் போட்டோ. மணிக்கட்டுப் பூவைக் கட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். அதை ஒற்றைக் கையால் தானே கட்டிக்கொள்வது பெரும்பாடு. யாராவது கட்டிவிட வேண்டும். நம் வீட்டில் தலைக்குப் பூ வைப்பதும் அப்படித்தானே? கண்ணாடி முன்னால் நாமே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனாலும், 'வா, வச்சுவிடறேன்' என்று ஒரு குரல் கூப்பிடும்.

ஐந்து பேரும் வட்டமாக நின்று ஒருவருக்கொருவர் கட்டிவிட்டார்கள். ஐந்து கைகளிலும் ஒரே பூ. எது யாருடைய பணத்தில் வாங்கியது என்று பார்த்தால் தெரியாது. அக்கா போட்டோ எடுத்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் எதை நினைத்து அலுத்துக்கொண்டாளோ, அதையேதான்! "பதினொன்றரைக்குள்ள வீடு. போனை ஆஃப் பண்ணக் கூடாது" என்ற நிபந்தனை மட்டும் மாறவில்லை.

பதினொன்று இருபதுக்கு வந்துவிட்டாள். ரோஜா கொஞ்சம் தலை சாய்ந்திருந்தது. நூலில் தொடுத்த பொடிப் பூ ஒன்றுகூட உதிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாளியில் மீதமிருந்த பூக்களையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தொடுக்கச் சொல்லித் தாம்மா. காலேஜ் போறதுக்குள்ள கத்துக்கணும்."

அக்கா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"முதல்ல நூலை நனைச்சுக்கோ" என்றாள்.